வராமல் போன மனுதாரர்கள்

என் பெரியப்பா வக்கீல். அவரிடம் மூன்று வருடம் ஜூனியராக இருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் பாடம், குறுக்கு விசாரணையில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது. கேட்டால் சாட்சி பாட்டுக்கு எதையாவது சொல்லிவைப்பார், அது நம் கட்சிக்காரர் தலையில் இடியாக இறங்கும், சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், நான் எழுந்து நிற்பேன். "யாரக் கேட்டு அந்தக் கேள்வியக் கேட்ட?" என்பார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்காது.

ஆனால் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். சாட்சியைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டே வந்து ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்துவைக்க வேண்டும், அவர் அதற்குள் நடந்து போகும்வரை சிரித்த முகமாக நிற்க வேண்டும். இதில் எனக்கு அப்படி ஒரு குஷி! ரோட்டில் ஆட்டோக்காரரிடம்கூட, "நீங்க கேட்ட காசு ஜாஸ்தின்னு உங்களுக்கே தெரியும்தானே?" என்றுதான் ஆரம்பிப்பேன். வீட்டில் அக்கா என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

இப்படி இருந்த நான்தான் ஒருநாள் முதுநிலை சட்டம் படிக்கப் போகிறேன் என்று பெரியப்பா முன்னால் போய் நின்றேன்.

"மேல படிச்சு என்ன பண்ணப்போற?"

"ஆராய்ச்சி பண்ணப்போறேன் பெரியப்பா."

"சட்டத்துல ஆராய்ச்சி பண்ண என்ன கெடக்கு? எல்லாம் புத்தகத்துல எழுதியிருக்கு. எடுத்துப் படி, முடிஞ்சுது."

"புத்தகத்துல இருக்குறது கோர்ட்டுக்கு வெளிய எப்படி நடக்குதுன்னு பாக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன், அதனால் புதிதாக எழ வேண்டியிருக்கவில்லை.

"சரி, போ. ஆனா ஒண்ணு. அங்க உன் தலைப்பையே ஒத்துக்கலன்னா வருஷத்த வீணாக்காம மரியாதையா இங்க வந்துடணும். அதுக்கப்புறம் படிப்பு கிடிப்புன்னு பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றேன். தலைப்பை யாராவது ஒத்துக்கொள்ளாமல் இருப்பார்கள் என்று என் கனவில்கூட வரவில்லை.

ஏனென்றால் என் தலைப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. நுகர்வோர் மன்றத்தின் வாசலில் நான் நிறையவே காத்திருந்திருக்கிறேன். அங்கே தினமும் நடக்கும் ஒரு காட்சி. கெட்டுப்போன கைபேசி, ஓடாத மின்விசிறி, வாங்கிய மறுநாளே பிரிந்த செருப்பு என்று ஆத்திரத்தோடு மனு போட்ட ஆட்களின் பெயரைச் சேவகர் நீட்டி முழக்கிக் கூப்பிடுவார். யாரும் எழுந்து வரமாட்டார்கள். மறுபடி கூப்பிடுவார். நீதிபதி வெறும் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'மனுதாரர் ஆஜராகவில்லை, தள்ளுபடி' என்று எழுதுவார். அடுத்த வழக்கு. இந்த மனுதாரர்கள் எங்கே போகிறார்கள்? பாதியில் ஏன் விட்டுவிடுகிறார்கள்? இதுதான் என் ஆராய்ச்சி. விடையும் கையிலேயே இருந்தது. தாமதம். வாய்தா மேல் வாய்தா கொடுத்து ஆளைக் களைக்க வைத்துவிடுகிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் துறையின் கருத்தரங்க அறையில் ஒரு படம்காட்டும் கருவி இருந்தது. எதைப் போட்டாலும் வலது பக்கமாகச் சாய்த்துத்தான் காட்டும். அந்த அறையில் எங்களுக்கு ஆய்வுமுறை சொல்லித்தந்தவரை நாங்கள் ஆதாரம் மேடம் என்போம். எங்களைவிட ரொம்பப் பெரியவர் இல்லை. ஓடுகிறவர்கள் போடும் காலணியோடு வகுப்புக்கு வருவார். யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம் எங்க?" என்பார். கேண்டீனில் டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னவனிடமும் கேட்டார்.

அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவன் என் வகுப்புத் தோழன். அவன் பெயர் எங்களுக்குள் அடிக்குறிப்பு. ஒரு பக்கம் கட்டுரை எழுதினால் அதில் முக்கால் பக்கம் அடிக்குறிப்பாக இருக்கும். பேசும்போதும் அப்படியே. "மழை வரும்போல இருக்கு" என்பான், உடனே குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா சொன்னாங்க, காலைல, போன்ல" என்று சேர்ப்பான். என்னை அவன் கூப்பிடுவது வக்கீலம்மா.

தலைப்பு ஒப்புதல் கூட்டத்துக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை. மற்றவர்கள் எல்லாம் 'செய்யலாம் என்றிருக்கிறேன்' என்று வந்தபோது நான் முன்னோட்டப் பேட்டிகளையே முடித்துவிட்டேன். தள்ளுபடி உத்தரவு நகல்களில் முகவரி இருக்கும். அலைந்து திரிந்து பதினைந்து மனுதாரர்களைக் கண்டுபிடித்து, அவர்களின் அனுமதியோடு கைபேசியில் குரலைப் பதிவு செய்திருந்தேன். பதினைந்து பேரும் ஒரே பதில்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். துறைத்தலைவர், ஆதாரம் மேடம், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். அவர் நுகர்வோர் மன்றத்திலேயே பல வருடம் இருந்தவர் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் தெம்பாகிவிட்டது.

"நூத்துக்கு நூறு சார்," என்றேன். "பதினஞ்சு பேருமே தாமதம்தான் காரணம்னு சொல்லிட்டாங்க."

நீதிபதி தலையை ஆட்டினார். "சரியாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

துறைத்தலைவர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நான் மனத்துக்குள் பெரியப்பாவுக்கு போன் போட்டே விட்டேன்.

அப்போது ஆதாரம் மேடம், "நீங்க அவங்ககிட்ட கேட்ட கேள்விய அப்படியே படிங்க, பாப்போம்," என்றார்.

படித்தேன். "வழக்கு பல முறை தள்ளிவைக்கப்பட்டது உண்மையா? அதனால் உங்கள் வேலை கெட்டதா? அந்தத் தாமதத்தால்தானே நீங்கள் வழக்கைக் கைவிட்டீர்கள்? ஆம் அல்லது இல்லை."

படிக்கும்போதே என் குரல் கூண்டில் நிற்கும் சாட்சியிடம் பேசும் குரலாக ஏறிப்போனது எனக்கே கேட்டது.

"இதுக்குப் பேரு பேட்டியா?" என்றார் மேடம். "நீங்க முடிவ எழுதிக் கொண்டுபோய் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"இல்ல மேடம், ஆனா அவங்க ஆமான்னுதானே..."

"இதோ, எங்கிட்டயும் அதே மாதிரிதான் கேக்குறீங்க."

நீதிபதி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

முடிவு சுருக்கமாக வந்தது. தலைப்பு நிராகரிக்கப்படுகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி. அதற்குள் பதினைந்து பதிவுகளையும் ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கி இணைக்க வேண்டும். நான் பேசியது, அவர்கள் பேசியது, இருமியது, இழுத்தது, எல்லாம்.

வெளியே அடிக்குறிப்பு காத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தான். நடந்ததைச் சொன்னேன். படியிறங்கி முடிக்கும்போது, "தண்டனை கொஞ்சம் கடுமைதான்," என்றான். குரலைத் தாழ்த்தி, "என் சொந்தக் கருத்து," என்றான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, தட்டச்சு செய்வது, மறுபடி கேட்பது. காதில் மாட்டுவது கெட்டுப்போனதால் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் குரல் இருக்கிறதே, வீட்டில் திருட்டுப் போனால் நாயை அனுப்புவதற்குப் பதில் என்னை அனுப்பலாம்.

"ஏண்டி," என்றாள் அக்கா, "அந்தம்மா என்ன கொலையா பண்ணிட்டாங்க?"

"சும்மா இரு. தையல் கடை வச்சிருக்காங்க. மிஷின் மோட்டார் கருகிப்போச்சுன்னு மனு போட்டவங்க."

"அவங்க பாவம் பயந்துபோய் ஆமாம் ஆமாம்ங்கிறாங்க. கொஞ்சம் பின்னாடி ஓட்டு. ஏதோ சொல்ல வந்தாங்க."

ஓட்டினேன். தையல்காரம்மாவின் குரல் கேட்டது. "அது வந்தும்மா, தாமதம்னு இல்ல, அந்தக் கடைக்காரர் ஒருநாள் வந்து..." உடனே என் குரல் குறுக்கே விழுந்தது. "அதெல்லாம் வேணாம்மா. தாமதம் ஆச்சுதானே? ஆமாவா இல்லையா?" ஒரு சின்ன இடைவெளி. "ஆமா," என்றார் தையல்காரம்மா.

"கடைக்காரர் வந்து?" என்றாள் அக்கா, பாதி மடித்த போர்வையோடு.

"தெரியல."

"என்னடி தெரியல? நீதானே எதிர்ல உக்காந்திருந்த?"

"நான்தான் பேச விடலியே!"

"வந்து என்ன பண்ணாரு? அடிச்சாரா? அழுதாரா? சொல்லேண்டி, தல வெடிச்சிரும்போல இருக்கு."

எனக்கும் வெடித்துவிடும்போலத்தான் இருந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிதாக இது வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் வந்து என்ன செய்தார்? மற்ற பதிவுகளையும் அவசர அவசரமாக ஓட்டினேன். எல்லாவற்றிலும் இதே கதை. "அது எப்படின்னா..." என்று ஒருவர் ஆரம்பிக்கிறார், நான் வெட்டுகிறேன். "உண்மையச் சொல்லணும்னா..." என்று இன்னொருவர். உண்மையைச் சொல்ல வந்த மனிதரையே, "ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று அடக்கியிருக்கிறேன். வேறு யாரிடமாவது ஆராய்ச்சி மாணவி என்று சொல்லிவிடாதே என்றாள் அக்கா.

மறுநாளே தையல் கடைக்குப் போனேன். அடிக்குறிப்பையும் இழுத்துக்கொண்டு போனேன், ஒரு வேலை கொடுத்து. என் பக்கத்தில் உட்கார வேண்டும், நான் குறுக்கே பேசினால் காலை மிதிக்க வேண்டும்.

"எவ்வளவு பலமா?" என்றான்.

"நிறுத்துற அளவுக்கு."

அகலம் குறைந்த கடை. ஒரு சுவர் முழுக்க நூல்கண்டுகள், கழுத்தில் அளவு நாடா, சட்டையின் மார்பில் வரிசையாகக் குத்திய ஊசிகள். என்னைப் பார்த்ததும் தையல்காரம்மா எழுந்தே நின்றுவிட்டார். "இன்னும் கேள்வி இருக்காம்மா? அன்னிக்கே எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டேனே."

"இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதாங்க. மனு போட்டதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. உங்க இஷ்டம்போல சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடினேன். அவர் என்னைப் பார்த்தார், அடிக்குறிப்பைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. நீதிமன்றத்தில் இப்படி ஒரு மௌனம் விழுந்தால் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நாக்கு தானாகப் புரண்டது. "அதாவது, தாமதம்..." என்று ஆரம்பித்தேன். அவன் மிதித்தான். நல்ல கனமான செருப்பு.

"அன்னிக்கு ரொம்பப் பேசுனீங்க, இன்னிக்கு என்னம்மா இவ்ளோ சாந்தம்?" என்றார் தையல்காரம்மா. பிறகு மெல்ல ஆரம்பித்தார். "மனு போட்டேனா, கோர்ட்லேருந்து அந்தக் கடைக்காரருக்குக் காகிதம் போச்சு. ரெண்டாம் நாள் ஆளு இங்க நிக்கிறாரு, கையில புது மோட்டார். அதுக்கு முன்னாடி நான் எத்தன நடை நடந்திருப்பேன், நிமிந்து பாக்க மாட்டாரு. அன்னிக்கு இந்தா இந்த ஸ்டூல்ல உக்காந்து அவரே மாட்டிக் குடுத்துட்டு, கோவத்த விட்டுடுங்கம்மான்னுட்டுப் போனாரு."

"அப்புறம் ஏன் கோர்ட்டுக்குப் போகல?" என்றேன். நிஜமாகவே எனக்குப் பதில் தெரியாது.

"எதுக்குப் போகணும்? அதான் ஜெயிச்சாச்சே!"

"ஆனா அங்க உங்க வழக்கு தள்ளுபடின்னு எழுதியிருக்கு. நீங்க பாதியில விட்டுட்டீங்கன்னு."

"நான் எங்கம்மா விட்டேன்?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கழுத்து நாடாவை உருவி மேசைமேல் போட்டார். "தெருவுல எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன், கேஸ் போட்டு ஜெயிச்சவ நான்னு. பக்கத்துக் கடைக்காரி அவ மிக்சிக்கு யோசன கேக்க எங்கிட்டதான் வந்தா. தோத்துட்டேன்னு அங்க எழுதி வச்சிருக்காங்களா? யாரு எழுதுனது?"

நான் அடிக்குறிப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். மிதிப்பதை மறந்து அவன் கால் என் காலின் மேலேயே இருந்தது.

கடையை விட்டு வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று நான் கத்தியதில் எதிரே வந்த சைக்கிள் தடுமாறியது. "ஜெயிச்சவங்கடா! தள்ளுபடின்னு எழுதியிருக்குற அத்தனையும் ஜெயிச்ச கேஸ்டா!"

"ஒருத்தங்கதான் சொல்லியிருக்காங்க," என்றான்.

"வா, மத்தவங்களயும் கேப்போம்."

அந்த மாதம் முழுக்க அலைந்தோம். பேருந்து நிறுத்தம், மாடிப்படி, கடைவாசல், ஒரு வீட்டில் துணி காயும் மொட்டைமாடி. என் கால் வீங்கியது, பிறகு மெல்ல மெல்ல வடிந்தது. கடைசியில் அவனுக்கு மிதிக்க வேலையே இல்லாமல் போனது. கேட்டுவிட்டுக் காத்திருப்பதில் ஒரு ருசி இருப்பது எனக்குப் பிடிபட்டிருந்தது. அவர்கள் வாயைத் திறக்கும்போது என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது! வக்கீல் தொழிலில் இந்தச் சுகத்தை எனக்கு யாரும் காட்டியதே இல்லை. பதினைந்து பேரில் ஒன்பது பேருக்கு, நோட்டீஸ் போனதுமே வெளியிலேயே காரியம் முடிந்திருந்தது. புதுப் பொருளோ, பணமோ, குறைந்தபட்சம் நல்லபடியாக ஒரு மன்னிப்போ. ஒருவர் ஊர் மாறிப்போய் மறந்தே விட்டார். நான்கு பேர் நான் முதலில் சொன்னதுபோலவே அலைந்து அலைந்து வெறுத்து விட்டவர்கள்.

மீதி ஒருவர், பள்ளி வேன் ஓட்டுநர். அவர்தான் என்னைக் கவிழ்த்தார்.

அவருடைய வழக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி. வீட்டுக்குப் போனபோது அது கூடத்தில் நின்றது. கதவைத் திறந்து காட்டினார். உள்ளே தட்டுத் தட்டாகப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள், கீழே காய்கறிப் பெட்டியில் காலுறைகள்.

"கரையான் வராதுங்க," என்றார்.

"வழக்கு என்னாச்சுன்னு சொல்லுங்களேன்."

"நோட்டீஸ் போனதும் கடை மேனேஜர் போன் பண்ணாரு. 'சார், அடுத்த வாரம் புதுசு அனுப்புறோம், நீங்க ஏன் சார் கோர்ட்டுக்கு அலையுறீங்க'ன்னு அவ்ளோ மரியாதையா பேசுனாரு. நம்பிட்டேன். வாய்தாவுக்குப் போகல. தள்ளுபடி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அவரு என் போனையே எடுக்கல."

திரும்பி வரும்போது பேருந்தில் அடிக்குறிப்பு என்னை விநோதமாகப் பார்த்தான்.

"என்ன வக்கீலம்மா, முகம் செத்துப்போச்சு?"

"நான் என்ன சொல்லப்போறேன்? வராம போனது தோல்வி இல்ல, வெற்றின்னு. இவரு வந்து நடுவுல நிக்கிறாரே."

"ஒருத்தர்தானே. விட்டுடேன்," என்றான். நக்கலாகத்தான் சொன்னான். ஆனால் நான் அதை ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தேன். பெரியப்பாவின் அறையில் மனு எழுதும்போது நமக்கு எதிரான சங்கதியை நாமே எழுதித் தரமாட்டோம். அதை எதிர்க்கட்சி தேடிக்கொள்ளட்டும். வேன் ஓட்டுநரை விட்டுவிட்டால் என் கதை வழவழவென்று இருக்கும். எழுந்து நின்று நீட்டி முழக்கலாம், மூன்று பேரும் அசந்துபோவார்கள், ஒப்புதல் கையில். சேர்த்தால், 'அப்போ நீ சொல்றது என்னதான்?' என்று கேட்பார்கள், அதற்குப் பதில் இல்லை. இரண்டாவது முறையும் நிராகரித்தால் திரும்பவும் பெரியப்பா அறை, அதே கண்ணாடி.

வீட்டுக்கு வந்து அவருடைய பேட்டியை எழுத்தாக்கினேன். காலுறை சங்கதி உட்பட ஒரு சொல் விடவில்லை. முடித்துவிட்டுக் கோப்பின் ஆகக் கடைசியில் வைத்தேன். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதை எடுத்து முதலாவதாக வைத்தேன்.

இரண்டாவது கூட்டம். அதே சாய்ந்த படம், அதே மூன்று பேர், வேறு பிஸ்கட்.

நான் சொல்லச் சொல்ல நீதிபதியின் முகம் மாறியது. தையல்காரம்மா தெருவெல்லாம் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்தார்.

"போன மாசம் நீங்க தாமதம்னு சொன்னீங்க. எனக்கு அது பிடிச்சிருந்துது," என்றார்.

"எனக்கும் பிடிச்சிருந்துது சார். அதான் அத்தன பேரையும் அதச் சொல்ல வச்சுட்டேன்."

துறைத்தலைவர் பிஸ்கட்டோடு நிமிர்ந்தார்.

"அந்த நாற்காலிய எத்தன வருஷம் பாத்திருக்கேன் தெரியுமா?" நீதிபதியின் குரலில் சூடு ஏறியிருந்தது. "ஜனங்க நம்பிக்க இழந்துட்டாங்கன்னு நெனச்சுத்தான் ஒவ்வொரு தடவையும் எழுதுவேன். இப்போ நீங்க வந்து, நான் தள்ளுபடி பண்ணுனதெல்லாம் ஜெயிச்ச வழக்குங்குறீங்களா?"

இதோ, வாசல் திறந்திருக்கிறது. ஆமாம் சார் என்று சொல்லி உள்ளே நடந்துவிடலாம். மூன்று வருடப் பழக்கம் முதுகில் கைவைத்துத் தள்ளியது.

"எல்லாம் இல்ல சார். முதல் பேட்டியப் பாருங்க." வேன் ஓட்டுநரின் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன். "இவருக்கு ஒண்ணுமே கிடைக்கல. கடைக்காரங்க பேச்ச நம்பி வராம இருந்தாரு, வழக்கும் போச்சு, பொருளும் போச்சு. நான் சொல்றதுக்கு நேர் எதிர்ல நிக்கிறாரு. அவர விட்டுட்டா என் ஆராய்ச்சி அழகா இருக்கும். ஆனா அவருக்கும் தையல்காரம்மாவுக்கும் உங்க பதிவேட்டுல ஒரே வார்த்ததான் எழுதியிருக்கு சார். தள்ளுபடி. அந்த வார்த்தைக்குப் பின்னாடி யாரு ஜெயிச்சாங்க, யாரு ஏமாந்தாங்க, யாரு வெறுத்துப் போனாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"அப்போ எத்தன பேரு ஜெயிச்சிருப்பாங்க? பாதிக்கு மேலயா?"

"பதினஞ்சு பேர வச்சுப் பாதின்னு சொன்னா மேடம் என்ன வெளிய அனுப்பிடுவாங்க."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் மேசைக்கடியில் அந்த ஓட்டக் காலணி ஆடுவது நின்றுபோனது.

"உங்க அனுமானம் என்னன்னாவது சொல்லுங்க," என்றார் அவர்.

"தெரியாது மேடம். மூணு விதமாவும் இருக்கலாம். நோட்டீஸ் போனப்புறம் கோர்ட்டுக்கு வெளிய என்ன நடக்குதுங்குறதுதான் இப்போ என் கேள்வி. எனக்கு நிஜமாவே பதில் தெரியாது." மூச்சு வாங்கியது. "தெரிஞ்சுக்காம தூக்கம் வரல. ஒரு வருஷம் குடுங்க."

அறையில் மௌனம் விழுந்தது. நான் அதைக் கலைக்கவில்லை. ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை, அடிக்குறிப்பின் செருப்பு பக்கத்தில் இல்லாமலே.

நீதிபதிதான் முதலில் பேசினார். வேன் ஓட்டுநரின் பக்கத்தைப் படித்துக்கொண்டே, "இந்த ஆளு இப்போ என்ன பண்றாரு?" என்றார்.

"வழக்க மறுபடி எடுத்து நடத்த வழி இருக்கான்னு கேட்டாரு சார். என்னால யோசன சொல்ல முடியாது, நான் ஆராய்ச்சிக்கு வந்தவ. இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வழி காட்டினேன். அங்க புது மனு போட்டிருக்காங்களாம்."

"நல்லது." அவர் காகிதத்தை மேடம் பக்கம் நகர்த்தினார். "எனக்கு இது பிடிக்கல. என் வேலையப் பத்தி நான் நெனச்சிருந்தத எல்லாம் இது குழப்புது. ஆனா பதில் என்னன்னு எனக்கும் தெரிஞ்சாகணும். நான் இருந்த வருஷத்து வழக்குகளும் வேணும். ஆவண அறையப் பாக்க அனுமதிக்கு நானே எழுதித் தரேன். என் உத்தரவுகளையும் சேத்துப் பாருங்க, விட்டுடாதீங்க."

துறைத்தலைவர், "அப்போ ஒப்புதல்னு எழுதிக்கலாமா?" என்று எல்லாரையும் பார்த்தார்.

ஆதாரம் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நல்லா இருக்கு," என்றார்.

கேட்கலாமா வேண்டாமா என்று நாக்கு துடித்தது. கேட்டேவிட்டேன். "ஆதாரம் எங்க மேடம்?"

அப்போதுதான் அவர் சிரித்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். "போங்க வெளிய," என்றார்.

போனேன். நடந்தா போனேன்? தாழ்வாரத்தில் நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்புக் கதவுகள் திறந்தன. அடிக்குறிப்பு என் தோளைப் பிடித்துக் குலுக்கினான், அவனைத் தூக்கப் பார்த்து நானே விழப்போனேன். அக்காவுக்கு போன் போட்டேன், "தெரியும்டி, உன் கத்தல் இங்க வரைக்கும் கேட்டுது," என்றாள். அப்புறம் பெரியப்பாவுக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"பெரியப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன். என் கட்சிக்காரங்கள்ல சில பேரு திடீர்னு வராம போயிடுவாங்க. வேற வக்கீலப் பாத்துட்டாங்கன்னு மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்." தொண்டையைக் கனைத்தார். "அவங்களும் இப்படித்தான் இருப்பாங்களா?"

"தெரியாது பெரியப்பா!"

"தெரியாதுங்குறத இவ்ளோ சந்தோஷமா சொல்ற ஒரே ஆளு நீதான்," என்றார். "சரி, கண்டுபிடிச்சு எனக்கும் சொல்லு."

அடுத்த வாரம் அனுமதிக் கடிதத்தோடு மன்றத்தின் ஆவண அறைக்குப் போனேன். காப்பாளர் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள், அவற்றில் சிவப்பு நாடா கட்டிய கட்டுகள், கட்டுகளின் மேல் தூசி, கடைசி வரிசை இருட்டில் எங்கோ போய் முடிந்தது.

"எந்த வழக்கும்மா வேணும்? நம்பர் சொல்லுங்க."

"வராம போனவங்களோட வழக்கு. எல்லாமே வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அலமாரிகளை ஒருமுறை. ஏணியைத் தரதரவென்று இழுத்துவந்து முதல் வரிசையின் ஓரத்தில் சாய்த்தார்.

"துப்பட்டாவால மூக்கக் கட்டிக்குங்க," என்றார். "தும்மல் வரும்."

நான் மேலே ஏறினேன்.